கேள்வி கேட்கக் கூடாத கேள்விக்கூடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த டைல்ஸ் கடையின் மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. படிக்குப் படி செருப்பு. மேலே ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இலவசம் என்றால் இப்பேர்ப்பட்ட பெரிய மனிதர்கள் வருவார்களா? மேலே காது பார்க்கிறார்கள்.

காது பார்ப்பது என்றால் அழுக்கு எடுப்பது இல்லை. ரேகை பார்ப்பது. கை ரேகை பார்த்து ஆயுசு சொன்னதெல்லாம் பழைய கதை. இங்கே காது ரேகை பார்த்து, உங்கள் வீட்டு ஸ்பீக்கருக்கு கிராஸ்ஓவரை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். உலகம் முன்னேறிக்கொண்டே போகிறது, நாம்தான் கவனிப்பதில்லை.

கிராஸ்ஓவர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பாட்டுக்குள் வயிற்றில் வந்து விழுகிற பேஸ் என்னும் அடிச்சத்தமும் இருக்கிறது, காதைக் கூசவைக்கிற கீச்சுச் சத்தமும் இருக்கிறது. அடிச்சத்தத்தை சப்வூஃபருக்கும் மற்றதை வாய் விரிந்த ஹார்ன் ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புகிற பெட்டிதான் கிராஸ்ஓவர். ஆம்ப்ளிஃபயருக்குப் போவதற்கு முன்பே பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் கொடுத்துவிட்டால் அது ஆக்டிவ் கிராஸ்ஓவர். தபால் ஆபீஸில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிப்பதற்கு மேல் இதில் மர்மம் கிடையாது. எந்த எண்ணில், அதாவது எத்தனை ஹெர்ட்ஸில் பிரிப்பது? ஹார்னின் வாய் எவ்வளவு அகலம், அதன் பின்னால் சத்தம் எழுப்புகிற யூனிட் எவ்வளவு தாங்கும், சப்வூஃபர் எதுவரை ஒழுங்காகப் பாடும் என்று பார்க்க வேண்டும். ஒரு மைக்கை வைத்து அளந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. ஆனால் ஒரு மதியத்தில் முடிகிற வேலைக்கு யார் சீடராகச் சேருவார்கள்?

வந்தவர்கள் எல்லோரும் சீடர்கள்தான். பிளைவுட்டை அறுத்து, வளைத்து, பசை போட்டு, வீட்டிலேயே ஹார்ன் செய்தவர்கள். ஊமத்தம்பூ மாதிரி வாயை விரித்துக்கொண்டு நிற்கும் ஹார்ன்கள். பல் டாக்டர் வீட்டு ஹார்னுக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. ஆடிட்டர் வீட்டு சப்வூஃபர் முழங்கினால் பக்கத்து வீட்டில் மாட்டிய படம் கோணலாகிவிடும். டிரைவிங் ஸ்கூல்காரர் தன் ஹார்னை வாசல் வழியாக உள்ளே கொண்டுபோக முடியாமல் வாசலை இடித்தார். படித்தவர்கள், சம்பாதிப்பவர்கள், நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவர்கள்.

நடுவில் வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் செவிச்செல்வர். அந்தப் பட்டத்தை அவருக்கு அவரே கொடுத்துக்கொண்டார். வேறு யாரும் கொடுக்க முன்வராததால் வந்த வினை. முன்பு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்றவர். ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் குட்டி டார்ச். ஒவ்வொருவராக முன்னால் போய் மண்டியிட்டுக் காதை நீட்ட வேண்டும். அவர் மடலைப் பிடித்து இப்படித் திருகுவார், அப்படித் திருகுவார். பள்ளிக்கூடத்தோடு முடிந்தது என்று நினைத்த மரியாதை நாற்பது வயதுக்கு மேல் திரும்பக் கிடைத்ததில் எல்லோருக்கும் மகா சந்தோஷம்.

அவர் தலைக்கு மேலே ஒரு பலகை. ‘இது கேள்விக்கூடம். இங்கே கேள்வி கேட்கக் கூடாது.’

புதிதாக வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். செவிச்செல்வர் புன்னகையோடு விளக்கினார்.

“கேள்வின்னா செவியால கேக்குறது தம்பி. வாயால கேக்குறது இல்ல. வாயத் தொறந்தா காது மூடிக்கும்.”

“ஆஹா!” என்றார் பல் டாக்டர். நாள் முழுவதும் மற்றவர்களை வாயைத் திற, வாயைத் திற என்று சொல்லிச் சலித்துப்போனவருக்கு இந்தத் தத்துவம் இனித்தது.

இந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருப்பாரே, அவர் சர்வேயர். நம் கதை அவரைப் பற்றியது. நிலம் அளப்பது அவர் தொழில். வேலிக்கு இந்தப் பக்கத்துக்காரரும் அந்தப் பக்கத்துக்காரரும் சேர்ந்து சத்தியம் செய்தாலும் டேப்பைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். “உங்க கண்ணு சொல்றத நான் எழுத முடியாதுங்க. டேப்பு சொல்றதத்தான் எழுதுவேன்” என்பார். அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் டேப்பை வீட்டில் வைத்துவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

அவருக்கு முதன்முதலில் விழுந்த எண் அறுநூறு. அதில் ஸ்பீக்கர் நன்றாகத்தான் பாடியது. இரண்டு மாதம் கழித்து செவிச்செல்வர் அதே காதைத் திருகிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“உங்க காது பழுத்துப்போச்சே! இனிமே இறக்கணும். இருநூத்திப் பத்து.”

“ஐயா, யூனிட் அவ்வளவு கீழ தாங்காதுன்னு அதோட அட்டையிலயே...”

செவிச்செல்வர் விரலை மேலே தூக்கிப் பலகையைக் காட்டினார். சர்வேயர் வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்குப் போய் எண்ணை இறக்கினார். சப்வூஃபருக்குப் போக வேண்டிய அடிச்சத்தமெல்லாம் ஹார்ன் யூனிட்டின் தலையில் விழுந்தது. பாட்டு பாதியில் இருக்கும்போதே கரகரவென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, யூனிட்டுக்குள் ‘காயில்’ என்கிற கம்பிச்சுருள் எரிந்து போயிற்று.

அடுத்த ஞாயிறு அவர் அழாத குறையாகச் சொன்னதைக் கேட்டு செவிச்செல்வர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

“காயில் எரியல. ஹார்ன் அழுதிருக்கு. உடம்பு இருக்கு, உயிர் இல்லைன்னு அழுதிருக்கு. உங்களுக்குப் பெட்டி வைக்கிற நேரம் வந்தாச்சு.”

கூட்டத்தில் பொறாமைப் பெருமூச்சு எழுந்தது. காயில் எரிந்ததற்கு ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டது அநேகமாக உலகத்தில் அதுதான் முதல் தடவை.

பெட்டி என்றால் ஜீவப்பெட்டி. செங்கல் அளவு, செங்கல்லை விடக் கனம். நாலு பக்கமும் தார் ஊற்றி மூடியது. முன்னால் ஒரு பித்தளைத் திருகு, பின்னால் ஒயர் மாட்ட இரண்டு துளை. கடையில் வாங்கிய கிராஸ்ஓவர் வெறும் உடம்பாம். அதற்கு முன்னால் இந்தப் பெட்டியை மாட்டினால்தான் உயிர் வருமாம். திறந்து பார்த்தால் ஜீவன் ஓடிவிடுமாம். திருகை அவர்தான் திருக வேண்டுமாம். சர்வேயர் யூனிட்டை மாற்றி, எண்ணைக் கொஞ்சம் ஏற்றி, ஒரு பெட்டியும் வாங்கி மாட்டினார். விலையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. வாங்கியவர்களின் மனைவிமார்கள் இதைப் படித்துவிடக்கூடும்.

மனைவி என்றதும் சர்வேயரின் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் மனைவி கண் பரிசோதிப்பவர். ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில், முதலாளிக்காக வருஷக்கணக்காக நின்றுகொண்டே லென்ஸ் மாற்றியவர். சொந்தமாக ஒரு பரிசோதனை அறை வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டித் தள்ளி உட்காரவைத்துப் பார்க்க நீளமான அறை வேண்டும். வீட்டின் முன்னறை அதற்கென்றே கட்டியது போல இருந்தது. அட்டையைக்கூட வாங்கி மாட்டிவிட்டார். பெயர்ப்பலகை எழுதி வந்து சுவரைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது. கடையிலும் இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் முன்னறையில் ஹார்ன் இருந்தது. இரண்டு ஹார்ன். கூடவே அலமாரி உயரத்தில் இரண்டு சப்வூஃபர். எழுத்து அட்டையின் மேல்வரி மட்டும் ஹார்னுக்கு மேலே எட்டிப் பார்த்தது.

“செட்டு முடிஞ்சதும் எல்லாத்தையும் பின்னறைக்கு மாத்திடுறேன்” என்று சர்வேயர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. உண்மையாகவே மாற்றுவதாக இருந்தார். ஆனால் செட்டு முடிய வேண்டுமே! முடிகிற சமயத்தில் காது பழுக்கிறது, ஹார்ன் அழுகிறது, உயிர் வருகிறது. அவர் மனைவியும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

ஒரு நாள் மாலை மனைவியை அழைத்துவரக் கண்ணாடிக் கடைக்குப் போனார் சர்வேயர். உள்ளே கடைசி ஆள் உட்கார்ந்திருந்தார். எத்தனை கண்ணாடி மாற்றியும் திருப்தி வராத ஆசாமி. கண்ணில் ஒரு குறையும் இல்லை, ஆனால் குறை இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். சர்வேயரின் மனைவி சலிக்காமல் லென்ஸைப் போட்டுப் போட்டு எடுத்தார்.

“இது நல்லா இருக்கா... அது நல்லா இருக்கா?”

“அதுதான் மேடம்! அது!”

“மறுபடி பாருங்க. இது... அது...”

“இப்போ இதுதான் சூப்பரா இருக்கு! எழுத்தெல்லாம் அப்படியே எழுந்து நிக்குது!”

ஆசாமி ஒரு வழியாகத் திருப்தியோடு போனார். சர்வேயர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“பாவம், அந்த ஆளுக்கு நெறைய பவரோ?”

“பவரா? ரெண்டும் சாதாக் கண்ணாடிங்க. ஜன்னல்ல போடுவாங்களே, அந்த மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வித்தியாசமும் கிடையாது.”

“அப்புறம் ஏன் இது நல்லா இருக்கு, அது நல்லா இருக்குன்னாரு?”

“நான் கேட்டேனே, அதனாலதான். எது நல்லா இருக்குன்னு கேட்டா, ஏதோ ஒண்ணு நல்லா இருந்தே ஆகணும்னு நெனச்சுக்குவாங்க. அந்தச் சாதாக் கண்ணாடி இல்லேன்னா என் பொழப்பே ஓடாது. உண்மையத் தெரிஞ்சுக்க அதைத்தான் நடுவுல நடுவுல போட்டுப் பாப்பேன்.”

சர்வேயருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீடு வரும்வரை சிரித்தார். ஜன்னல் கண்ணாடி! எழுந்து நிற்கிற எழுத்து! இப்படியும் மடையர்கள் உண்டா! மனைவி சிரிக்கவில்லை. அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் இடி விழுந்தது. டைல்ஸ் கடைக்காரருக்குச் சரக்கு வைக்க மாடி வேண்டுமாம். செவிச்செல்வர் கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தார். பார்வை மூன்றாவது வரிசையில் வந்து நின்றது.

“நம்ம சர்வேயர் வீட்டு முன்னறைக்கு நான் போயிருக்கேன். அது அறை இல்ல. அதுவே ஒரு காது. இனிமே அதுதான் நமக்குக் கேள்விக்கூடம். வர்ற ஞாயித்துக்கிழமை தொடக்கம்.”

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஆடிட்டர் சர்வேயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தன் வீட்டு அறை ஒரு காது என்று கேட்டதில் சர்வேயருக்குத் தலைகால் புரியவில்லை. தலையாட்டிவிட்டார். வீட்டுப் படி ஏறும்போதுதான், ஆட்டிய தலையோடு உள்ளே எப்படிப் போவது என்ற கவலை வந்தது.

சொன்னார். காதும் காதும் வைத்தாற்போல, மெல்ல, சமையலறை வாசலில் நின்று சொன்னார்.

மனைவி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“என் ரூமையா?”

“நம்ம ரூம்தானே...”

“அப்போ என் பலகை? அதைக் கட்டிலுக்கு அடியில போட்டுடவா?”

“வாரத்துக்கு ஒரு நாள்தாம்மா. ஆனா... ஐயா என்ன சொல்றாருன்னா, மத்த நாள்ல வேற ஆளுங்க அங்க பேசினா ஜீவன் கலைஞ்சிடுமாம்.”

“என்கிட்ட கண்ணு காட்ட வர்றவங்க வாயத் தொறந்தா உங்க பெட்டிக்கு உயிர் போயிடும். அப்படித்தானே?”

சர்வேயர் தரையைப் பார்த்தார். அவர் மனைவிக்குக் கண் கலங்கியது. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தால் அவருக்குக் குரல் தணிந்துவிடும்.

“கடையில நின்னுக்கிறேன்னு சொல்லியாச்சுங்க. அங்கயும் இடம் இல்ல, இங்கயும் இடம் இல்லேன்னா நான் எங்க போய் நிக்கிறது? நீங்க சொன்ன வாக்கை நம்பித்தானே சொன்னேன்?”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“சரி. ஞாயித்துக்கிழமை வரட்டும். நானும் உக்காந்து கேக்குறேன். அந்தப் பெட்டியால நெஜமாவே வித்தியாசம் இருந்தா ரூமை நீங்களே வச்சுக்கோங்க. இல்லேன்னா அன்னைக்கே காலி பண்ணணும். சரியா?”

“சரி” என்றார் சர்வேயர். சொல்லும்போது அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. வித்தியாசமாவது, இல்லாமலாவது! அவர்தான் தன் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறாரே!

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீடுகளில் நாற்காலி வாங்கப் போய்த் திரும்பியவர், வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவி ஸ்பீக்கர் அலமாரிக்குப் பின்னால் குனிந்து துணியால் தூசி தட்டிக்கொண்டிருந்தார். செட்டு வைத்த நாளிலிருந்து அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். சர்வேயருக்கு மனம் இளகிவிட்டது. ‘மனசு மாறிட்டா’ என்று நினைத்துக்கொண்டார்.

கூட்டம் வந்தது. முன்னறை நிரம்பி, நடை நிரம்பி, ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். பலகையும் வந்தது. எழுத்து அட்டையை மறைத்து அதை மாட்டினார்கள். செவிச்செல்வர் வெள்ளை நாற்காலியை ஜீவப்பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. ஒரு பெண் குரல், பின்னால் அடிச்சத்தம். அவர் கண்ணை மூடி, பித்தளைத் திருகை எறும்பு நகர்வது போல நகர்த்தினார்.

“ஹா!” என்றது கூட்டம்.

சர்வேயரின் மனைவி எழுந்தார்.

“ஐயா, எனக்குக் காது அவ்வளவு பத்தாது. நீங்க திருகுங்க, நான் இவங்களக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன். கேக்கலாமா?”

வீட்டுக்காரி, அதுவும் இன்னும் சீடராகாதவர், வலிய வருகிறார். செவிச்செல்வர் பெருந்தன்மையோடு கையசைத்தார். பலகையின் சட்டத்துக்கு முதன்முதலாக விலக்குக் கிடைத்தது. தன் குழியை மனிதன் எப்போதும் பெருந்தன்மையோடுதான் தோண்டுகிறான்.

திருகு இடப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் வந்தது.

“டாக்டர், இது நல்லா இருக்கா... அது நல்லா இருக்கா?”

“அது! அந்தக் குரல்ல ஒரு ஈரம் வந்துச்சு பாருங்க. பல்லுல படுற காத்துகூடக் கேக்குது.”

“ஆடிட்டர் சார்? இது... அது...”

“ரெண்டாவதுதான். மொதல்ல பேஸ் காத்துல தொங்கிட்டு இருந்துச்சு. இப்போ தரையில வந்து உக்காந்துடுச்சு.”

டிரைவிங் ஸ்கூல்காரருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சர்வேயருக்கு அந்தக் குரலில் ஏதோ உறுத்தியது. பாட்டுக்காரியின் குரலில் இல்லை, தன் மனைவியின் குரலில். ‘இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா.’ இந்த ராகத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே? யோசித்து முடிப்பதற்குள் முறை அவருக்கு வந்துவிட்டது.

“நீங்க சொல்லுங்க. இது... அது...”

எல்லோரும் பார்க்கிறார்கள். வீட்டுக்காரர். பெட்டிக்குச் சொந்தக்காரர்.

“இதுதான்!” என்று கத்தினார். “சத்தமெல்லாம் அப்படியே எழுந்து நிக்குது!”

சொன்ன மறுகணம் அவருக்கு அந்தக் கண்ணாடிக் கடை ஆசாமியின் முகம் ஞாபகம் வந்தது.

சர்வேயரின் மனைவி நேராகப் போய் ஜீவப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். குழந்தையைத் தூக்குவது போல. பின்னாலிருந்து இரண்டு துண்டு ஒயர் தொங்கியது. இரண்டும் எதிலும் மாட்டியிருக்கவில்லை.

பாட்டு நிற்கவில்லை. அந்தப் பெண் பாடிக்கொண்டே இருந்தாள். அதே ஈரம், அதே பேஸ், அதே தரை.

“இப்போ சொல்லுங்க” என்றார் அவர். “இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா?”

ஒயர் தொங்கும் பக்கத்தைக் கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டினார்.

“காலையிலயே பெட்டிக்கு வர்ற ஒயரையும் போற ஒயரையும் கழட்டி ஒண்ணோட ஒண்ணு சேத்துட்டேன். பெட்டியில வெறும் துண்டு ஒயரைச் சொருகி வச்சேன். இவ்வளவு நேரமும் பெட்டி சும்மாதான் உக்காந்திருந்துச்சு. ஐயா திருகினது இதைத்தான்.”

“உனக்கு எப்படித் தெரியும், எந்த ஒயர் எதுன்னு?” சர்வேயரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“தெனமும் சாப்பிடுறப்போ எனக்குப் பாடம் எடுத்தீங்களே! ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுட்டேன்னு நெனச்சீங்களா?”

இந்த இடத்தில் செவிச்செல்வர் எழுந்து ஓடியிருப்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், இந்தத் தொழிலைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். அவர் புன்னகை செய்தார்.

“அம்மா அறியாம சோதிச்சுட்டாங்க. பரவாயில்ல. இத்தனை வாரத்துல பெட்டியோட ஜீவன் ஒயர்லயே ஊறிடுச்சு. இனிமே பெட்டி இல்லாமலே வேலை செய்யும். இது ரொம்ப உயர்ந்த நிலை. எல்லாருக்கும் கிடைக்காது.”

“ஊறியிருக்கும்” என்றார் பல் டாக்டர், உடனே.

“ஊறாம இருக்குமா?” என்றார் ஆடிட்டர். ஊறவில்லை என்றால் தன் பெட்டிக்குக் கொடுத்தது என்னாவது?

கூட்டத்தில் தலைகள் ஆடத் தொடங்கின. பொய்யைப் பிடித்தால் விட்டுவிடும் என்று நினைத்தார் சர்வேயரின் மனைவி, பாவம். பிடித்த கையையே நக்குகிற பொய்யை அவர் பார்த்ததில்லை. அவர் பார்வை சுவரோடு கிடந்த பெயர்ப்பலகைக்குப் போயிற்று.

அந்தப் பார்வையை சர்வேயர் பார்த்தார். எழுந்து நின்றார். கேள்விக்கூடத்தில் அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

“ஐயா, ஒரு கேள்வி.”

செவிச்செல்வரின் விரல் பலகையைக் காட்ட மேலே எழுந்தது.

“விரலைக் கீழ போடுங்க. இது என் வீடு. ஜீவன் ஒயருக்குப் போயிடுச்சுன்னா, பெட்டிக்குள்ள இப்போ ஜீவன் இல்ல. சரிதானே?”

“அது... அப்படியும் சொல்லலாம்.”

“அப்போ தொறந்தா ஓடிப்போக ஒண்ணும் இல்ல. தொறக்கலாமா?”

செவிச்செல்வர் வாயைத் திறந்தார். வாயைத் திறந்தால் காது மூடிக்கொள்ளும் என்றவருக்கு வாயே மூடிக்கொண்டது. “தொறந்தா அடுத்த தலைமுறைக்கு...” என்று ஆரம்பித்தார். அதற்குள் சர்வேயர் ஹார்ன் செய்த உளியை எடுத்துத் தாரில் இறக்கிவிட்டார்.

மணல்.

பொலபொலவென்று மணல் கொட்டியது. முன்னறைத் தரையில் குவிந்தது. சர்வேயர் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். பழக்கதோஷம். “சலிக்கக்கூட இல்ல” என்றார். மணலுக்கு நடுவே ஒரு துளையிலிருந்து மறு துளைக்கு ஒரே ஒரு ஒயர் நேராக ஓடியது. பித்தளைத் திருகின் தண்டு எதிலும் சேராமல் மணலில் சொருகிக் கிடந்தது. இத்தனை வாரம் செவிச்செல்வர் திருகியது மணலை. ஈரமும் பேஸும் எழுந்து நின்ற சத்தமும் அதிலிருந்துதான் வந்தன.

“யாருக்குய்யா காது குத்தின?” என்று கேட்டார் சர்வேயர். “நாங்களே நீட்டினோம். அதான் கேவலம். நாங்களே வரிசையில நின்னு நீட்டினோம்!”

செவிச்செல்வர் டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டார். அவசரப்படவில்லை. வாசலில் ஆடிட்டர் பின்னாலேயே ஓடிப்போய்க் காதோடு காதாகக் கேட்டது ஜன்னல் வழியாக எல்லோருக்கும் கேட்டது.

“ஐயா... என் பெட்டிக்குள்ளயும்...?”

“சேச்சே! உங்களது வேற.”

ஆடிட்டர் நெஞ்சில் கை வைத்து நிம்மதியாக மூச்சு விட்டார். இன்றுவரை அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. பல் டாக்டரோ தனக்கு முதல் நாளே சந்தேகம் இருந்ததாக நோயாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாயில் பஞ்சை அடைத்த பிறகுதான் சொல்வார். மறுத்துப் பேச ஆளில்லை. செவிச்செல்வர் வேறு பேட்டைக்குப் போய்விட்டார். அங்கே காபிப் பொடி வாங்குவோருக்கு மூக்கு ரேகை பார்ப்பதாகக் கேள்வி.

சர்வேயர் அன்றைக்கே மணலைக் கூட்டி அள்ளினார். ஹார்னைப் பின்னறைக்குத் தள்ளினார். ஒரு மைக்கை இரவல் வாங்கி, டேப்பை நீட்டி, ஹார்னின் வாயையும் சப்வூஃபரின் குணத்தையும் அளந்து கிராஸ்ஓவரில் ஓர் எண்ணை வைத்தார். ஒரு மதியம்தான் ஆயிற்று. எண் எவ்வளவு தெரியுமா? அறுநூற்றுக்குப் பக்கத்தில்தான். பாட்டு நன்றாக இருந்தது. அழுகை வரவில்லை, அறை காதாக மாறவில்லை. நன்றாக இருந்தது, அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மனைவியைப் பார்த்து, “என்னை அந்தக் கண்ணாடிக் கடை ஆளோட சேத்துடாதே” என்றார். “சேத்து ரொம்ப நாளாச்சு” என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

முன்னறை வாசலில் பெயர்ப்பலகை ஏறியது. முதல் வாரத்திலேயே ஆடிட்டர் கண் காட்ட வந்தார். எழுத்து அட்டைக்கு எதிரே உட்கார்ந்தார். சர்வேயரின் மனைவி லென்ஸைப் போட்டார், எடுத்தார்.

“இது நல்லா இருக்கா... அது நல்லா இருக்கா?”

ஆடிட்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எதைச் சொல்லணும் மேடம்? நீங்க சொன்னா அதையே சொல்லிடுறேன்.”

“என்னைக் கேக்காதீங்க சார். உங்களுக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ணா இருக்குன்னு சொல்லுங்க. தப்பே இல்ல.”

ஆடிட்டருக்கு இது புது விஷயம். வெகுநேரம் யோசித்தார். வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்வரை யோசித்தார்.

யோசிக்கட்டும். உங்களுக்கும் எனக்கும் அதைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டு காதுக்கும் நடுவில் நம் எல்லோருக்கும் ஒரு பெட்டி இருக்கிறது ஐயா. அதைத் தார் பூசி மூடிவைத்து, திருகை எவன் கையிலோ கொடுத்துவிட்டு, பாட்டு பிரமாதம் என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். உள்ளே இருப்பது மூளையா மணலா என்று ஒரு தடவை திறந்துதான் பாருங்களேன்.